ஸ்பானிய மொழியின் '-ஆர்' வினைகள்: நிகழ்காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கத் தொடங்குமுன் ஒரு விஷயம். ஸ்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம். ஒரு சொல்லில் அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறோம். 'ஆப்லொ' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'அப்லார்' என்றால் கடைசி அசையில். ஸ்பானியத்தில் குறில், நெடில் வேறுபாடு கிடையாது. அழுத்திச் சொல்வதைக் கண்ணுக்குக் காட்ட வேறு நல்ல வழி இல்லாததால் இந்த ஏற்பாடு. த எப்போதும் பல்லில் நாக்கு படும் தமிழ்த் த. ட போல ஒலிக்கக் கூடாது.

'-ஆர்' வினை என்றால் என்ன?

ஸ்பானிய அகராதியில் எந்த வினையைத் தேடினாலும் அது மூன்று முடிவுகளில் ஒன்றோடுதான் இருக்கும்: -ஆர், -ஏர், -ஈர். அப்லார் (பேச), கொமேர் (சாப்பிட), பிபீர் (வாழ). மூன்றில் பெரிய குடும்பம் -ஆர். மொழிக்குள் புதிதாக நுழையும் வினைகளும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்கின்றன. இணையத்தில் அரட்டை அடிப்பது சத்தெயார், ட்வீட் போடுவது துயித்தெயார். அதனால் இந்த ஒரு வாய்பாட்டைக் கற்றாலே மொழியின் வினைகளில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது.

1492-இல் ஸ்பானிய அறிஞர் நெப்ரிஹா எழுதிய காஸ்தீலிய (அதாவது ஸ்பானிய) இலக்கணமே வினைகளை இப்படி மூன்றாகத்தான் பிரித்தது. அதற்கும் முன்னால் லத்தீனில் இதன் வேர் இருக்கிறது. 'நேசி' என்னும் வினை லத்தீனில் ஆமொ, ஆமஸ், ஆமத், அமாமுஸ், அமாதிஸ், ஆமன்த். இன்றைய ஸ்பானியத்தில் ஆமொ, ஆமஸ், ஆம, அமாமொஸ், அமாயிஸ், ஆமன். இரண்டாயிரம் ஆண்டில் தேய்ந்தது அவ்வளவுதான்.

சரி, எப்படி மாற்றுவது?

பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணம் இங்கே உதவும். பேசுகிறேன் = பேசு + கிறு + ஏன்: பகுதி, இடைநிலை, விகுதி. ஸ்பானிய நிகழ்காலத்தில் இடைநிலை இல்லை. பகுதியும் விகுதியும் மட்டும்தான். அப்லார் என்பதில் கடைசி '-ஆர்' போனால் மிஞ்சுவது 'அப்ல்' என்னும் பகுதி. அதோடு யார் பேசுகிறார் என்பதற்கேற்ற விகுதியை ஒட்டுங்கள்:

யோ (நான்): -ஒ → ஆப்லொ
தூ (நீ): -அஸ் → ஆப்லஸ்
ஏல், ஏய, உஸ்தேத் (அவன், அவள், நீங்கள் ஒருவர்): -அ → ஆப்ல
நொசோத்ரொஸ் (நாம், நாங்கள்): -ஆமொஸ் → அப்லாமொஸ்
பொசோத்ரொஸ் (நீங்கள் பலர்): -ஆயிஸ் → அப்லாயிஸ்
ஏயொஸ், ஏயஸ், உஸ்தேதெஸ் (அவர்கள், நீங்கள் பலர்): -அன் → ஆப்லன்

கொம்ப்ரார் (வாங்க) என்றால் கோம்ப்ரொ, கோம்ப்ரஸ், கோம்ப்ர, கொம்ப்ராமொஸ், கொம்ப்ராயிஸ், கோம்ப்ரன். த்ரபஹார் (வேலை செய்ய) என்றால் த்ரபாஹொ, த்ரபாஹஸ், த்ரபாஹ, த்ரபஹாமொஸ், த்ரபஹாயிஸ், த்ரபாஹன். என்செஞார் (கற்பிக்க) என்பதில் ஞ வருகிறது. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இதை 'நிய' என்று இழுப்பார்கள். ஞாயிறு, ஞானம் என்று சொல்லத் தெரிந்த நாக்குக்கு அந்தப் பாடு இல்லை.

பல பேர் செய்யும் முதல் தவறு, '-ஆர்'-ஐ எடுக்காமலே விகுதியை ஒட்டுவது: 'அப்லாரொ' என்று. அப்படி ஒரு சொல் இல்லை.

ஒவ்வொரு தடவையும் யோ, தூ என்று சொல்ல வேண்டுமா?

வேண்டாம். 'நாளைக்கு ஃபோன் பண்றேன்' என்கிறோம். 'நான்' என்று தனியாகச் சொல்வது எதையாவது வலியுறுத்தும்போதுதான். ஸ்பானியமும் அப்படியே. 'த்ரபாஹொ அக்கீ' என்றாலே 'இங்கே வேலை செய்கிறேன்'. 'யோ த்ரபாஹொ அக்கீ' என்றால் 'நான்தான் இங்கே வேலை செய்கிறேன், அவன் இல்லை' என்ற தொனி வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து வாக்கியத்துக்கு வாக்கியம் யோ போட்டால், கேட்பவருக்கு நீங்கள் சதா உங்களையே முன்னிறுத்துவதுபோல் இருக்கும்.

'ஆப்ல' ஒன்றே இத்தனை பேருக்கா? குழப்பம் வராதா?

வரும். தமிழில் பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறார், பேசுகிறது, ஒருவரை மரியாதையாக 'பேசுகிறீர்கள்' என்று ஐந்து வடிவங்கள் செய்யும் வேலையை ஸ்பானியத்தில் 'ஆப்ல' ஒன்றே செய்கிறது. ஆண்பால், பெண்பால் வினையில் தெரியாது. போதாக்குறைக்கு, நீ என்று அழைக்கும் ஒருவரிடம் 'பேசு!' என்று ஏவினாலும் அதே 'ஆப்ல'. ஆகவே படர்க்கையில் யார் என்பது தெளிவாக இல்லாவிட்டால் ஏல், ஏய, உஸ்தேத் ஆகியவற்றைச் சொல்லிவிடுவதே நல்லது. தன்மையிலும் 'தூ'விலும் அந்தத் தேவை அநேகமாக இல்லை.

எதிரே நிற்பவரை 'உஸ்தேத்' என்கிறோம். வினை மட்டும் ஏன் படர்க்கையில்?

'உஸ்தேத்' என்பது 'புவேஸ்த்ர மெர்சேத்' என்பதன் தேய்ந்த வடிவம். 'தங்கள் அருள்' என்பதுபோல ஒரு மரியாதைத் தொடர் அது. 'தங்கள் அருள் என்ன சொல்கிறது?' என்று கேட்டால் வினை படர்க்கையில்தானே முடியும்? சொல் சுருங்கிய பிறகும் வினை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. முன்னால் நிற்பவரிடமே 'அம்மா எங்க கிளம்பிட்டாங்க?' என்று செல்லமாகக் கேட்பதை நினைத்துக்கொண்டால் பிடிபடும்.

தூ = நீ, உஸ்தேத் = நீங்கள் என்பது தொடக்கத்துக்குப் போதும். எல்லை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஸ்பெயினில் கடைக்காரரையே தூ என்பார்கள். கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே உஸ்தேத் என்பார்கள். சந்தேகம் வந்தால் உஸ்தேத்.

பொசோத்ரொஸ் கற்க வேண்டுமா?

ஸ்பெயினுக்குப் போவதாக இருந்தால் கண்டிப்பாக. லத்தீன் அமெரிக்காவில் பன்மை முன்னிலைக்கு உஸ்தேதெஸ் மட்டுமே புழக்கம். நண்பர் கூட்டமோ அதிகாரிகளோ எல்லோருக்கும் 'ஆப்லன்' போதும். மெக்சிகோவையோ பெருவையோ மனத்தில் வைத்துக் கற்பவர் ஆறுக்குப் பதில் ஐந்து வடிவங்களோடு நிறுத்தலாம். அப்லாயிஸ் காதில் விழுந்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

அர்ஜென்டினாக்காரர்கள் 'அப்லாஸ்' என்கிறார்களே, தவறா?

தவறில்லை. அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் 'நீ' என்பது தூ அல்ல, போஸ். அதற்கான விகுதியில் அழுத்தம் கடைசி அசைக்கு நகரும்: அப்லாஸ், கொம்ப்ராஸ், த்ரபஹாஸ். எழுதும்போது அந்தக் கடைசி உயிரெழுத்தின்மேல் அழுத்தக்குறி போட வேண்டும். கற்பவருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. கீழே 'காலணி வினைகள்' பற்றிய பதிலில் சொல்கிறோம்.

விகுதிகள் மனப்பாடம் ஆகிவிட்டன. ஆனாலும் நான் பேசுவது புரியவில்லை என்கிறார்கள். ஏன்?

அநேகமாக அழுத்தம். ஆறு விகுதிகளை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். அழுத்தம் சரியாக விழ மாதங்கள் ஆகும். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது என்பதால் நம் காது அதைக் கவனிக்கவே பழகவில்லை. ஸ்பானியத்தில் அது பொருளையே மாற்றும்:

ஆப்லொ: நான் பேசுகிறேன்.
அப்லோ: அவர் பேசினார்.

எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு கடைசி உயிரெழுத்தின்மேல் ஒரு சிறு கோடு. பேச்சில் அழுத்தம் மட்டுமே. கோம்ப்ரொ என்றால் வாங்குகிறேன், கொம்ப்ரோ என்றால் வாங்கினார். ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது. வினைக்கு வெளியேயும் இதே கதைதான்: லத்தீன் அமெரிக்காவில் பாப்ப என்றால் உருளைக்கிழங்கு, பப்பா என்றால் அப்பா.

விதி எளிது. யோ, தூ, ஏல், ஏயொஸ் ஆகிய நான்கிலும் அழுத்தம் பகுதியின் மேல், அதாவது விகுதிக்கு முந்தைய அசையில். நொசோத்ரொஸ், பொசோத்ரொஸ் இரண்டிலும் அழுத்தம் விகுதிக்குள் இறங்கிவிடும். நெசெசித்தார் (தேவைப்பட) போன்ற நீண்ட வினையில் வேறுபாடு நன்றாகக் கேட்கும்: நெசெசீத்தொ, ஆனால் நெசெசித்தாமொஸ். கமீனொ (நடக்கிறேன்), ஆனால் கமினாமொஸ். பயிற்சியின்போது அழுத்த அசையில் மேசையை ஒரு தட்டுத் தட்டுங்கள். நாலு நாள் வேடிக்கையாக இருக்கும், ஐந்தாம் நாள் காது பிடித்துக்கொள்ளும்.

எழுத்தில் அழுத்தக்குறி தேவைப்படுவது ஆறில் அப்லாயிஸ் ஒன்றுக்குத்தான். உயிரெழுத்திலோ 'ன்', 'ஸ்' ஒலியிலோ முடியும் சொல்லுக்கு இயல்பாகவே கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். அதை மீறும் சொல்லுக்கு மட்டும் குறி.

'பேசுகிறேன்', 'பேசிக்கொண்டிருக்கிறேன்', 'பேசுவேன்': எல்லாம் ஆப்லொதானா?

பெரும்பாலும் ஆம். இப்போது நடப்பது, வழக்கமாக நடப்பது, நாளை நடக்க இருப்பது மூன்றுக்கும் இந்த வடிவம் போகும். 'மஞான த்ரபாஹொ' என்றால் 'நாளைக்கு வேலைக்குப் போறேன்'. தமிழிலும் 'நாளைக்கு வர்றேன்' என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? இந்த நொடியே நடந்துகொண்டிருப்பதை வலியுறுத்த 'எஸ்தோய் அப்லாந்தொ' (பேசிக்கொண்டிருக்கிறேன்) உண்டு. அதை நாளைய திட்டத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். ஆங்கிலம் செய்வதை அப்படியே பெயர்த்தால் வரும் பிழை அது.

'இரண்டு வருஷமாக ஸ்பானியம் படிக்கிறேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் வேறு காலம் தேவை. ஸ்பானியத்தில் தமிழைப்போல நிகழ்காலமே போதும்: 'எஸ்தூதியொ எஸ்பஞோல் தேஸ்தெ ஆசெ தோஸ் ஆஞொஸ்'. இப்படி ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழிலிருந்து நேராகத் தாவினால் பாதி இலக்கணம் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.

இன்னொரு சிக்கல்: அப்லாமொஸ் என்பது 'பேசுகிறோம்', 'பேசினோம்' இரண்டுக்கும் ஒன்றே. பக்கத்தில் 'அயேர்' (நேற்று) இருக்கிறதா, 'ஓய்' (இன்று) இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

'இல்லை' என்றும் 'ஆ?' என்றும் எப்படிச் சொல்வது?

வினைக்கு முன்னால் 'நோ': 'நோ ஆப்லொ இங்லேஸ்', ஆங்கிலம் பேசுவதில்லை. கேள்விக்குக் குரலை உயர்த்தினால் போதும்: 'ஆப்லஸ் எஸ்பஞோல்?' எழுதும்போது வாக்கியத்தின் தொடக்கத்தில் தலைகீழ்க் கேள்விக்குறி, முடிவில் நேரான கேள்விக்குறி. துணைவினை எதுவும் வேண்டாம்.

எல்லா '-ஆர்' வினையும் இப்படித்தான் நடக்குமா?

இல்லை. வடிவம் உடையும் வினைகளில் அன்றாடம் கண்ணில் படுபவை இரண்டு: எஸ்தார் (இருக்க), தார் (கொடுக்க). எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமொஸ், எஸ்தாயிஸ், எஸ்தான். தோய், தாஸ், தா, தாமொஸ், தாயிஸ், தான். தன்மை ஒருமையில் '-ஒய்' என்பதைத் தனியாக நினைவில் வையுங்கள்.

அடுத்தது 'காலணி வினைகள்'. பென்ஸார் (யோசிக்க): பியேன்ஸொ, பியேன்ஸஸ், பியேன்ஸ, பென்ஸாமொஸ், பென்ஸாயிஸ், பியேன்ஸன். கொன்தார் (எண்ண, சொல்ல): குவேன்தொ, ஆனால் கொன்தாமொஸ். ஆறையும் இரண்டு பத்திகளாக எழுதி, மாறுபவற்றைச் சுற்றிக் கோடு போட்டால் ஒரு பூட்ஸ் வடிவம் வரும் என்பதால் இந்தப் பெயர். விகுதிகள் அதேதான், பகுதியின் உயிரெழுத்து மட்டும் அழுத்தம் பட்டதும் உடைகிறது. அழுத்தம் விகுதிக்கு இறங்கும் நொசோத்ரொஸ், பொசோத்ரொஸ் இரண்டிலும் அது உடைவதில்லை. ஆகவே இதைத் தனி விதியாகப் பார்க்காதீர்கள். முன்பு சொன்ன அழுத்த விதியின் விளைவுதான். 'போஸ்' வடிவத்திலும் அழுத்தம் கடைசியில் இருப்பதால் 'பென்ஸாஸ்' என்று உடையாமல் நிற்கும். மேலே சொன்ன லாபம் இதுதான்.

ஒரு வினை உடையுமா உடையாதா என்பதை அதன் அகராதி வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. புதிய வினையை எழுதிக்கொள்ளும்போதே யோ வடிவத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: ஹுகார் (விளையாட), ஹுவேகொ.

எஸ்தூதியொ என்கிறீர்கள், ஆனால் அனுப்புகிறேன் என்பது என்பீயொ. ஏன் இந்த வேறுபாடு?

'-இயார்' என்று முடியும் வினைகள் இரண்டு வகை. எஸ்துதியார் (படிக்க), கம்பியார் (மாற்ற), லிம்பியார் (சுத்தம் செய்ய) ஆகியவற்றில் இ-மேல் அழுத்தம் விழாது: எஸ்தூதியொ, காம்பியொ, லீம்பியொ. என்பியார் (அனுப்ப), கொன்ஃபியார் (நம்ப) ஆகியவற்றில் இ-மேலேயே விழும்: என்பீயொ, என்பீயஸ், என்பீய, என்பீயன். எழுத்திலும் அந்த இ-மேல் அழுத்தக்குறி வரும். நொசோத்ரொஸில் இரண்டு வகையும் ஒன்றாகிவிடும்: எஸ்துதியாமொஸ், என்பியாமொஸ். இதற்குச் சுருக்கு வழி என்று பெரிதாக இல்லை. யோ வடிவத்தை எழுதிவைக்கும் பழக்கம் இங்கேயும் காப்பாற்றும்.

புஸ்கார், பகார் ஒழுங்கற்றவை என்று எங்கோ படித்தேன்.

நிகழ்காலத்தில் இல்லை. பூஸ்கொ (தேடுகிறேன்), பாகொ (பணம் கட்டுகிறேன்) என்று நேராகவே போகும். எழுத்து மாறுவது இறந்தகாலத் தன்மையில். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

'மெ யாமொ' என்பதில் 'மெ' எதற்கு?

யமார் என்றால் அழைக்க. 'என்னை இன்னார் என்று அழைத்துக்கொள்கிறேன்' என்பதே 'என் பெயர் இன்னார்' ஆகிறது: மெ யாமொ, தெ யாமஸ், செ யாம, நொஸ் யமாமொஸ், ஒஸ் யமாயிஸ், செ யாமன். முன்னால் வரும் சிறு சொல்லும் பின்னால் வரும் விகுதியும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். 'மெ யாமொ ஏஸ் குமார்' என்பது எங்கும் கேட்கும் தவறு. நடுவில் 'ஏஸ்' வேண்டாம்: 'மெ யாமொ குமார்'.

'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதற்கு 'யோ கூஸ்தொ' சரியா?

சரியில்லை. ஆனால் உங்கள் தமிழ் வாக்கியம் முழுக்கச் சரி. அதை அப்படியே போட்டுவிடுங்கள். எனக்கு = மெ, பிடிக்கும் = கூஸ்த: 'மெ கூஸ்த எல் கஃபே'. நமக்கு வரும் நான்காம் வேற்றுமை அவர்களுக்கும் வருகிறது. கவனிக்க வேண்டியது ஒன்றே: பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மை. 'மெ கூஸ்தன் லொஸ் லீப்ரொஸ்', எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும். தமிழில் 'பிடிக்கும்' மாறாததால் இந்த '-அன்' மறந்துபோகும்.

'யாமொ அ மி மாத்ரெ' என்பதில் நடுவில் உள்ள 'அ' என்ன?

இரண்டாம் வேற்றுமை 'ஐ'க்குப் பங்காளி. 'மேசை தேடுகிறேன்' என்று உருபில்லாமல் சொல்லலாம். 'அக்கா தேடுகிறேன்' என்று சொல்ல முடியாது, 'அக்காவை' வேண்டும். ஸ்பானியத்திலும் செயப்படுபொருள் குறிப்பிட்ட மனிதராக இருந்தால் 'அ' வர வேண்டும்: 'பூஸ்கொ ஊன மேச', ஆனால் 'பூஸ்கொ அ பேத்ரொ'. (மேச நம் மேசையேதான், நமக்குப் போர்த்துக்கீசியம் வழியாக வந்தது.)

ஓரிடத்தில் தமிழும் காலை வாரும். 'பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்' என்பதில் உள்ள 'க்காக' ஸ்பானியத்தில் இல்லை: 'எஸ்பேரொ எல் பூஸ்'. எஸ்பெரார் என்பதை 'எதிர்பார்' என்று மனத்தில் வைத்தால் பிழை வராது.

திரும்பத் திரும்பத் திருத்தப்படும் பிழைகள் வேறு?

'ல ஹேன்தெ' (மக்கள்) ஸ்பானியத்தில் ஒருமை. 'ல ஹேன்தெ த்ரபாஹ' என்றே சொல்ல வேண்டும், த்ரபாஹன் அல்ல. குடும்பம் என்னும் 'ஃபமீலிய'வும் அப்படியே.

இரண்டு வினைகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது மட்டும் மாறும். 'நெசெசீத்தொ அப்லார்', பேச வேண்டும். 'நெசெசீத்தொ ஆப்லொ' என்பது தமிழில் 'பேசுகிறேன் வேண்டும்' என்பதுபோல் இருக்கும்.

'நீயும் நானும்' என்றால் நொசோத்ரொஸ் விகுதி. தமிழில் நாம், நாங்கள் என்று பிரிப்பது அங்கே இல்லை.

எப்படிப் பழகுவது?

வாய்பாட்டை வரிசையாக ஒப்பிப்பதில் ஒரு கெடுதல்: 'அப்லாமொஸ்' வேண்டுமென்றால் ஆப்லொவிலிருந்து தொடங்கி நாலாவது வரை மனத்துக்குள் ஓட வேண்டியிருக்கும். ஒரு பகடை எடுங்கள். ஒன்று யோ, இரண்டு தூ, மூன்று ஏல், நான்கு நொசோத்ரொஸ், ஐந்து பொசோத்ரொஸ், ஆறு ஏயொஸ். பத்து வினைகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி, சீட்டு ஒன்று, பகடை ஒன்று. வடிவத்தை மட்டும் சொல்லாமல் இரண்டு மூன்று சொல்லில் வாக்கியமாகச் சொல்லுங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.

தொடங்க இவை: அப்லார், த்ரபஹார், கொம்ப்ரார், புஸ்கார், பகார், மிரார் (பார்க்க), எஸ்குச்சார் (கேட்க), யெகார் (வந்துசேர), தொமார் (எடுக்க, குடிக்க), கொசினார் (சமைக்க).

எனக்கு வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

கீழே உள்ளவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விடைகள் அடுத்த பத்தியில்.

நாங்கள் ஒரு மேசை வாங்குகிறோம். மக்கள் நிறைய வேலை செய்கிறார்கள். எனக்குச் சமைக்கப் பிடிக்கும். அம்மாவுக்காகக் காத்திருக்கிறேன். நீ யோசிக்கிறாய், நாங்கள் யோசிப்பதில்லை.

கொம்ப்ராமொஸ் ஊன மேச. ல ஹேன்தெ த்ரபாஹ மூச்சொ. மெ கூஸ்த கொசினார். எஸ்பேரொ அ மி மாத்ரெ. தூ பியேன்ஸஸ், நொசோத்ரொஸ் நோ பென்ஸாமொஸ். கடைசி வாக்கியத்தில் 'தூ', 'நொசோத்ரொஸ்' இரண்டையும் விடாமல் சொன்னதற்குக் காரணம், இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்துகிறோம் என்பது.